அக்காவின் முழம்

பச்சைப் பெயின்ட் அடித்த நான்கு இரும்பு அலமாரிகள் மாட்டு வண்டியில் வந்து எங்கள் வாசலில் இறங்கிய காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான்கின் கதவிலும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்திருந்தார்கள். அறுபதுகளின் தொடக்கம். வெள்ளகோவிலிலிருந்து சிங்காநல்லூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து எனக்கு நான்கு மாதம்கூட ஆகவில்லை. என் கணவரின் அண்ணனை நான் மாமா என்று கூப்பிடுவேன். மில் ஆபீசுகளுக்கும் விடுதிகளுக்கும் பீரோவும் அலமாரியும் செய்து கொடுக்கிற இரும்புப் பட்டறை அவருடையது. நின்றுகொண்டே சமைக்கிற மேடை கோயம்புத்தூரில் வீட்டுக்கு வீடு வந்துகொண்டிருந்த காலம் அது. நம் வீட்டுச் சமையலறையையும் அப்படி மாற்றிவிடலாம் என்று மாமா முடிவெடுத்து, பட்டறையில் விற்பனைக்குத் தயாராக இருந்தவற்றில் நான்கை அனுப்பிவிட்டார். இரண்டு மேடைக்குக் கீழே, இரண்டு சுவரில் மேலே. அவர் யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியும் இருக்காது.

கேட்டிருக்க வேண்டியது அக்காவை. மாமாவின் மனைவி, அந்த வீட்டுக்கு மூத்த மருமகள். உயரத்தில் என் தோளுக்குத்தான் வருவார். ஆனால் பின்கட்டில் நின்று ஒரு குரல் கொடுத்தால் தெருமுனையில் போகிறவர் திரும்பிப் பார்ப்பார். நான் வருவதற்கு இரண்டு வருடம் முன்பு, பரணிலிருந்து அண்டா எடுக்க முக்காலி மேல் ஏறி, வழுக்கி விழுந்து வலது தோள் இறங்கிவிட்டது. எலும்பு கட்டுகிறவர் இழுத்து வைத்துக் கட்டினார். கை பிழைத்தது, காதுக்கு மேலே மட்டும் போகாது. அந்தக் கையோடுதான் பன்னிரண்டு பேருக்குச் சமைத்தார். தரையில் உட்கார்ந்து சமைத்த காலம் வரை எல்லாம் கைக்கு அருகிலேயே இருந்ததால், கை எவ்வளவு தூரம் போகும் என்பதை வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை. அவருக்குத் தலை வாரிப் பின்னிவிட்ட எனக்கு மட்டும் தெரியும்.

அலமாரிகளைச் சுவரில் மாட்டிய அன்றே அக்கா அவற்றின் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தார். "ஏனுங்க, இது ஆரு கை எட்டறதுக்குச் செஞ்சதுங்க?" என்று கேட்டார். "எல்லாருக்குந்தான். ஆபீசுல அத்தன பேரும் பொழங்கறாங்கல்ல?" என்றார் மாமா. எனக்கு எட்டவில்லையே என்று அக்கா சொன்னதற்கு, "ஒரு முக்காலி போட்டுக்க" என்று அவர் பதில் சொன்னார். மனிதர் கெட்டவர் இல்லை, மறந்துவிட்டார். அக்கா மறக்கவில்லை. "முக்காலியில இருந்துதானுங்க உழுந்தேன்" என்றார். மாமாவின் முகம் சுருங்கியது. ஆனாலும் அலமாரியை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. "மில்லுக்காரங்க வரிசையில நின்னு வாங்கற சாமான். எம்பட ஊட்டுலயே வேண்டாங்கறாங்கன்னு தெரிஞ்சா வெளிய எவன் மதிப்பான்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அந்த நியாயத்துக்கு விலையாக அக்கா உப்புக்கும் புளிக்கும் ஆளைக் கூப்பிட்டுக்கொண்டு நிற்க வேண்டுமா என்பதுதான் அக்காவின் கேள்வி. உப்பை எடுத்துக் கொடுக்கிறவளுக்கு நாளைக்குச் சமையலறையும் போய்விடும், தான் ஓரமாக உட்கார வேண்டியதுதான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எடுத்துக் கொடுக்கிறவளாக வீட்டில் இருந்தவள் நான். அந்த யோசனை எனக்குக் கொஞ்சம் இனிக்கவும் செய்தது என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை. இருபது வயது. புது இடத்தில் எனக்கென்று ஒரு மூலை கிடைத்தால் போதும் என்றிருந்தேன்.

அக்கா விடவில்லை. நம் அளவுக்கு ஆசாரியை வைத்து மரத்தில் செய்துகொள்ளலாம் என்று ஒரு மாதம் காலையும் மாலையும் சொல்லிச் சொல்லி மாமாவை இறங்கி வரச் செய்தார். இரும்பு அலமாரிகள் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போயின. மதுக்கரை சிமென்ட் இரண்டு மூட்டையும் கடப்பைக் கல்லும் வந்து இறங்கின. அந்தச் சமயம் பார்த்து அந்தியூரில் அக்காவின் தம்பிக்குக் கல்யாணம் வந்தது. பத்து நாள் போய்விட்டு வந்தார். வந்து பார்த்தால் சமையலறை முடிந்திருந்தது. நல்ல தேக்கு, பித்தளைக் கைப்பிடி, மெழுகு போட்டுத் தேய்த்த பளபளப்பு. மாமா பெருமையோடு பக்கத்திலேயே நின்றார். அக்கா கையைத் தூக்கினார். கைப்பிடிக்கும் விரலுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. மேடை அவர் மார்புக்கு வந்தது. வேண்டாம் என்று தள்ளிய இரும்பு அலமாரியைவிட இது இன்னும் உயரம்.

நடந்தது இதுதான். எங்கள் பக்கத்தில் வீட்டு வேலை தொடங்கும்போது, அந்த வீட்டுத் தலைவரின் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை அளந்து ஒரு மூங்கில் கோல் வெட்டுவார்கள். நிலையும் கதவும் அலமாரியும் அந்தக் கோலில்தான் ஏறும். அக்காவும் அதை அறிந்தவர்தான். அடுப்படி அலமாரிக்குமா அதைக் கொண்டுவருவார்கள் என்று நினைத்துவிட்டார். ஆசாரி பட்டறைக்கே போய் மாமாவின் கையை அளந்து வந்திருக்கிறார். மாமா ஆறடி. மேடைக்கு இரண்டு முழம், அதற்கு மேல் ஒரு முழம் விட்டு அலமாரி. காப்பித் தம்ளரைக்கூடத் தானாக எடுத்துக் குடித்தறியாத ஒரு மனிதரின் கைக்குத் தோதாக ஒரு சமையலறையைக் கட்டி முடித்துவிட்டார்கள்! இதில் யாரும் வஞ்சகம் செய்யவில்லை. எல்லோரும் முறைப்படிதான் நடந்தார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

"கழட்டுங்க" என்றார் அக்கா. ஆசாரி பதறிப் போனார். அக்கா மேடை மேல் வலது கையை நீட்டி வைத்து, "இதுல அளந்து இன்னொரு கோல் வெட்டுங்க" என்றார். "ஊட்டுக்கு ஆம்பள தலைக்கட்டு இருக்கறப்ப பொம்பள முழத்துல கோல் வெட்டற வழக்கமில்லீங்க அம்மணி" என்றார் அவர். "பருப்பு என்ன ஆம்பள முழத்துலயா வேகுது? எம்பட கைதானுங்க இதுக்குள்ள போயிட்டு வரோணும்" என்று அக்கா கேட்டதற்கு ஆசாரி மாமாவைப் பார்த்தார். மாமா சுவரைப் பார்த்தார். அப்படியானால் இருப்பது இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குக் கிளம்பிவிட்டார். அக்கா அழவில்லை, கத்தவும் இல்லை. கொல்லையில் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு வைத்தார். அங்கேயே அரைத்து, அங்கேயே வடித்து, அங்கிருந்து சோற்றைத் தூக்கி வந்து கூடத்தில் பரிமாறினார். ருசியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தேக்கு மரச் சமையலறை பூட்டாமல் திறந்தே கிடந்தது. ஒருநாள் மதியம் ஒரு மில் மேனேஜர் சாப்பிட வந்தவர், புகை எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். அக்கா சிரித்த முகத்தோடு, "உள்ள புதுசாச் செஞ்சிருக்குதுங்க. நல்ல ஒசரங்க. எனக்குத்தான் எட்டறதில்லீங்க" என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினார். மாமா அன்று மோர் ஊற்றிக்கொள்ளாமலே எழுந்துவிட்டார்.

அடுத்த நாள் ஆசாரியைக் கூட்டி வந்தார். என் கணவரும் இருந்தார். அக்கா அடுக்களை வாசற்படியில் நின்றார். மாமா என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல், பரிவோடுதான் சொன்னார்: "அம்மணி, நீ நல்ல ஒசரம். உனக்கு எல்லாம் எட்டும். இனிமேல்பட்டு சமையல நீ பாத்துக்க. அவ ஒக்காந்துட்டு எப்படீன்னு சொல்லட்டும். கை நோவுல அவ எதுக்குக் கஷ்டப்படோணும்?" எனக்கென்று ஒரு மூலை போதும் என்றிருந்தேன், முழுச் சமையலறையையே கையில் கொடுக்கிறார்கள். அக்கா என்னைப் பார்க்கவில்லை. தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை அப்படி நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. அலமாரிக்குப் பக்கத்தில்தான் நின்றேன். கைப்பிடி என் நெற்றிக்கு நேராக இருந்தது. கதவைத் திறந்தால் மூக்கில் இடிக்கும்.

"எனக்கும் எட்டாதுங்க மாமா" என்றேன்.

ஆசாரி உளியை எடுத்து அதன் முனையை ரொம்ப அக்கறையாகத் தடவிப் பார்த்தார். என் கணவர் வாசலுக்குப் போய்விட்டார். மாமா கைப்பிடியைப் பார்த்தார், என் நெற்றியைப் பார்த்தார், மறுபடியும் கைப்பிடியைப் பார்த்தார். நான் கையைத் தூக்கவே இல்லை. கடைசியில் அவர் ஆசாரியிடம், "ரெண்டு பேருக்குமே எட்டறதில்லியாமா. அவ கையிலயே அளந்து கோல வெட்டுங்க" என்றார். அக்கா முன்னால் வந்து கையை நீட்டினார். அக்காவும் நானும் அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை. மறுநாளிலிருந்து எனக்கு மட்டும் முதல் டிகாக்‌ஷனில் காப்பி வந்தது.

பெண் முழத்தில் கட்டிய வீடு விளங்காது என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். பட்டறையில் ஒரு மோட்டார் நின்றால்கூட அதைத்தான் சொன்னார்கள். மோட்டாருக்கும் மேடைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் பந்தியில் வைத்தே கேட்டிருக்கிறேன். பட்டறை நன்றாகவே நடந்தது. அந்தச் சமையலறையில் அக்கா கடைசி வரை யாரையும் உப்பு எடுத்துத் தரச் சொல்லவில்லை. அவர் போன பிறகு அது என்னிடம் வந்தது. குனிந்து குனிந்து என் இடுப்பு தேய்ந்தது உண்மைதான்.

போன வாரம் என் மருமகள் ரெடிமேட் கிச்சன் போடுகிற கம்பெனிப் பையன் ஒருவனைக் கூட்டி வந்தாள். படங்கள் காட்டினான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், மரியாதையான பையன். மேடையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க பாட்டி, நீங்க இத்தன ஒசரமா இருக்கறீங்க, இத எதுக்கு இவ்வளவு தாழ வெச்சுப்போட்டாங்க? கையக் கொஞ்சம் தூக்குங்க, உங்க அளவுக்கு மேல ஏத்திக் குடுக்கறேன்" என்று டேப்பை இழுத்தான். மருமகளும் என்னைப் பார்த்தாள். நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"இதுக்கு மேல வெச்சா எனக்கு எட்டாதுங்க தம்பி" என்றேன்.