ஊரில எவடம்?

என் கணவருக்கு அந்நியர் என்றாலே பயம். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டுக் கதவில் பெயர்ப்பலகை கிடையாது. பார்சல் வந்தால், மேலே ஒட்டியிருக்கும் விலாசத்தைச் சுக்குநூறாகக் கிழித்த பிறகுதான் பெட்டியைக் குப்பையில் போடுவார். அப்படிப்பட்ட மனிதரோடு குடித்தனம் நடத்திக்கொண்டே நான் இணையத்தில் ஒரு பால்கனித் தோட்டக் குழுவில் சேர்ந்தேன் என்றால், என் துணிச்சலைப் பாருங்கள்.

சேரும்போதே நிபந்தனை போட்டார். "சொந்தப் பேர் போடாதை. முகம் போடாதை. செத்தாலும் விலாசம் சொல்லாதை." சரி என்று ஒரு பொய்ப் பெயரும் மல்லிகைப்பூப் படமும் போட்டேன். இனி என்னை எவராலும் பிடிக்க முடியாது என்று எனக்கு ஒரே புளுகம், பெருமை தாங்கவில்லை.

அந்தக் குழுவில் எனக்கு நேரம் போவதே தெரியாது. கடல் காற்றில் எந்தச் செடி கருகாது, கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் எப்போது ஊற்றுவது, அந்தூரியம் ஏன் பூக்காமல் அடம்பிடிக்கிறது என்று கதைத்துக்கொண்டே இருக்கலாம். காலையில் தேத்தண்ணீரோடு பால்கனியில் நின்று ஒரு படம் எடுத்துப் போட்டால், முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் "வாவ் அக்கா!" என்பார்கள். என் வீட்டில் யார் அப்படிச் சொல்கிறார்கள்?

அப்போதுதான் என் ஒரே தங்கையின் மகளுக்கு யாழ்ப்பாணத்தில் கல்யாணம் சரிவந்தது. நான் தூக்கி வளர்த்த பிள்ளை. அவளுக்குத் தாலி ஏறும்போது பெரியம்மாவாகப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று எத்தனை வருட ஆசை! ரயிலுக்குச் சீட்டும் எடுத்தாயிற்று. கவலை ஒன்றுதான், செடிகள். குழுவில் கேட்டேன்: "பத்து நாள் வீட்டில் ஒருவரும் இருக்க மாட்டோம். தண்ணீருக்கு என்ன செய்யலாம்?"

போத்தலில் ஓட்டை போட்டுக் கவிழ்த்து வையுங்கள், தேங்காய்த் தும்பு போடுங்கள் என்று பதில்கள் வந்தன. நடுவில் ஒருவர் கேட்டார்: "ஊருக்குப் போறியளோ அக்கா? ஊரில எவடம்?"

இந்தக் கேள்விக்கு வாயை மூடிக்கொண்டிருக்கும் யாழ்ப்பாணத்து ஆளை நான் இன்னும் காணவில்லை. விலாசத்தைக் கேட்டிருந்தால் உஷாராகியிருப்பேன். ஊரைக் கேட்டால் விரல் தானாக ஓடுகிறதே! ஊரைச் சொன்னேன். கோயிலடி ஒழுங்கை என்றேன். படித்த பள்ளிக்கூடம், ஐயா பார்த்த உத்தியோகம், கல்யாண நாள், ரயில் ஏறும் நாள் எல்லாவற்றையும் அவர் கேட்காமலே எழுதினேன். எங்கள் ஊரை அவருக்குத் தெரியும் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள், கணவர் புறக்கோட்டைக்குப் போயிருந்த நேரம், மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஒரு பெண். நாற்பது வயதிருக்கும், கையில் குடை. அதற்கு முன் நான் அவளைக் கண்டதே இல்லை.

"அக்கா, நீங்கள்தானே மல்லிகைப்பூ?"

நான் கதவைப் பாதி சாத்தினேன்.

"பயப்படாதேங்கோ. நானும் அந்தக் குழுதான். இந்த லேன் முடிவில இருக்கிறன்," என்றாள். "உங்கட படங்களில ஒரு துண்டுக் கடல் தெரியுது. பக்கத்து மொட்டைமாடியில சிவப்புத் தண்ணித் தாங்கி. கீழ பேக்கரி இருக்கு, ரயில் போனா பூச்சாடி ஆடுது எண்டு நீங்களே எழுதியிருக்கிறியள். நேற்று பின்னேரம் நடந்து வந்து அண்ணாந்து பாத்தன். மூண்டாம் மாடியில உங்கட அந்தூரியம் நிக்குது. பத்து நாள் வீட்டில ஆளில்லை எண்டதையும் சொல்லிப்போட்டியள். நான் வந்தபடியால் சரி. வேற ஆள் வந்திருந்தா?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயைக்கூடத் திறக்கவில்லை, விரலாலேயே கெட்டேன்.

இது கணவர் காதில் விழுந்தால் பயணமும் போச்சு, கல்யாணமும் போச்சு என்று அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். அவள் என்னை உட்கார வைத்து, எழுதியதை எல்லாம் அழிக்கச் செய்தாள். "அழிச்சாலும் பாத்தவை பாத்ததுதான். அண்ணையிட்டைச் சொல்லுங்கோ. வீட்டில ஆரையாவது படுக்க விடுங்கோ. சாடியளை நான் பாக்கிறன், என்ர வீட்டுக்குக் கொண்டு வாங்கோ. வீட்டைப் பூட்டிற திறப்பு எனக்கு வேண்டாம்."

இரவு புட்டை வைத்துவிட்டுச் சொன்னேன். மனுஷன் பாய்ந்த பாய்ச்சல்! "ஒருத்தரும் ஒரு இடமும் போகேலாது!" என்றார். நானும் விடவில்லை. "அவளின்ர தாலிக்கு நான் நிக்காட்டி, பிறகு என்ர முகத்தையும் பாக்காதேங்கோ," என்றேன். கோபத்தோடு புட்டு முழுவதையும் சாப்பிட்டு முடித்தபின் இறங்கிவந்தார். கிருலப்பனையில் இருக்கும் அவருடைய மச்சான் வந்து படுப்பது, சாடிகளை ரகசியமாகக் கொண்டுபோவது என்று முடிவாயிற்று. "ஒரு காக்காக் குஞ்சுக்கும் தெரியக்கூடாது. விளங்கிச்சோ?"

சனிக்கிழமை காலை சாடிகளோடு லேனில் இறங்கினோம். முன்னால் அவர், அந்தூரியத்தைக் கைக்குழந்தை மாதிரி அணைத்தபடி. முனையில் நின்ற த்ரீவீல்காரர், வீடு மாறுகிறீர்களா என்று சிங்களத்தில் கேட்டார்.

"நே நே மல்லி! யாப்பனே யனவா! வெடிங்!" என்றார் என் கணவர், முகமெல்லாம் பல்லாக. யாழ்ப்பாணத்தில் கல்யாணம் தம்பி என்றதோடு நிற்காமல், பத்து நாள் நாங்கள் இருக்க மாட்டோம் என்பதையும் அதே மூச்சில் சொன்னார். பேக்கரிக்காரருக்கும் சொன்னார். காவலாளிக்கு ரயில் நேரமும் கிடைத்தது.

நான் கறிவேப்பிலைச் சாடியை நடு ரோட்டில் வைத்துவிட்டு, வயிறு நோகச் சிரித்தேன். "ஊருக்குத்தான் உபதேசமோ?"

அவர் நாக்கைக் கடித்தார். உடனே திரும்பிப் போய், வீட்டில் மச்சான் நிற்பார், அவருக்குப் பொலிஸில் வேலை என்று மூன்று பேரிடமும் சொல்லிவிட்டு வந்தார். மச்சான் ஒரு பல் டொக்டர். இனி அவர் எங்கே என்மேல் கோபப்படுவது? இருவரும் சிரித்துக்கொண்டே சாடிகளைச் சுமந்தோம்.

தாலி கட்டும்போது பெறாமகளுக்குப் பக்கத்தில் நின்றேன். கண் நிறைந்துபோயிற்று. அவள் என் கையைத் தேடிப் பிடித்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

திரும்பி வந்ததும் பனங்காய்ப் பணியாரத்தோடு லேன் முடிவு வீட்டுக்கு ஓடினேன். செடிகள் ஒன்றும் வாடவில்லை. அந்தூரியம் புதிதாக ஒரு பூ விட்டிருந்தது. அவளைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினேன். பிறகு என் நாக்குச் சும்மா இருக்குமா?

"அது சரி பிள்ளை, நீங்கள் ஊரில எவடம்?"

அவள் ஒரு பணியாரத்தை எடுத்து ஆறஅமரச் சாப்பிட்டாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பணியாரம் நல்ல ருசி அக்கா," என்றாள். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். "பாத்தியே, அதுதான் கெட்டிக்காரப் பிள்ளை. பழகு!" என்று எனக்கு ஒரு பிரசங்கம் வைத்தார்.

எழும்பிப் பால்கனிக்குப் போய் லேன் முடிவை எட்டிப் பார்த்தார். பிறகு கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"இஞ்சை பார், அவள் கதைக்கிறதைக் கேட்டா ஊரில வடமராட்சிப் பக்கம் போல கிடக்கு, என்ன?"