பால் இருக்கிறதா?

எண்பதுகளில், மலேசியாவின் கிள்ளான் பகுதிப் புறம்போக்கு வீடுகளில் குடும்ப நலன் பற்றி ஆய்வு செய்த பேராசிரியர் ஒருவருக்குத் துணையாகப் போய்க்கொண்டிருந்தேன். ஒல்லியான மனிதர். சட்டைப்பையில் எப்போதும் ரப்பர் வைத்த பென்சில் இருக்கும். எந்த வீட்டில் எதைக் கொடுத்தாலும் சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிடுவார். "வேணாம்னா அவங்க மனசு நோகும் லா," என்பார்.

ஒரு பலகை வீட்டில் டீயைக் குடித்துவிட்டுக் கேள்விகளைத் தொடங்கினார்.

"பிள்ளைங்களுக்கு இன்னைக்கு வீட்டுல பால் இருக்கா அக்கா?"

அந்த அம்மாள் கூச்சத்தோடு சிரித்தார். "அடியில கொஞ்சம் டின் பால் இருந்துச்சு சார். இப்பதான் உங்க ரெண்டு பேரு டீக்கும் வழிச்சு ஊத்துனேன்."

அவர் பென்சிலைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "என்னா போடுறது?"



படிவத்தில் ஒரு கட்டத்தைக்கூட வெறுமையாக விடக்கூடாது என்று என்னைக் கடிந்துகொள்பவர் அவர். அன்று மாலை படிவங்களை அடுக்கும்போது அந்த வீட்டுப் படிவத்தில் பால் கேள்வியின் கட்டத்தைப் பார்த்தேன். 'ஆம்' எழுதி அழித்து, 'இல்லை' எழுதி அழித்து, அந்த இடத்தில் தாளே கிழிந்திருந்தது.

மறுநாள் முதல் வீட்டிலேயே டீ வந்தது. இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். கேள்விகளை நான்தான் கேட்டேன். கடைசிவரை அவர் அதைக் குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.