வாசுகி சித்தி காத்து வைத்த நெல்

அன்று காலை பாடசாலை நூலகத்தில் இருந்தேன். அம்மா வாசலில் நிற்பதாகச் சொன்னார்கள். வேலை நாளில் அம்மா ஒருபோதும் வருவதில்லை. கையில் குடை இருந்தும் விரிக்காமல் மழையில் நின்றார். "சித்தி லூயிஷாம் ஸ்ரேசனிலை விழுந்திட்டா, பிள்ளை. நெஞ்சு வலியாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகமுன்னமே முடிஞ்சுது," என்றார்.

வாசுகி சித்தி அம்மாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தார். இந்த நினைவு மலரைக் கையில் எடுப்போரில் பலர் அவரைக் கோயிலில் கண்டிருப்பீர்கள். அவர் செய்த வேலையை அறிந்தவர்கள் குறைவு. ஓர் ஆய்வுகூடத்தில் அவர் நீர்த்தாவரங்களை ஆராய்ந்தார்.

வட அமெரிக்காவில் ஓர் ஏரிக்கு அருகே சுரங்கம் தோண்ட விரும்பினார்கள். அதன் கழிவுநீரில் சல்பேற்று என்ற உப்பு இருக்கும். அந்த ஏரியில் தானாக விளையும் காட்டுநெல்லை அங்குள்ள மக்கள் படகில் போய்ச் சேர்த்து உண்கிறார்கள். சல்பேற்று அந்த நெல்லைக் கெடுக்குமா என்பதே ஆய்வுகூடத்துக்கு வந்த கேள்வி.

போத்தல்களில் சல்பேற்று நீர் விட்டு விதைகளை முளைக்க வைத்தார்கள். நன்றாகவே முளைத்தன. கெடுதல் இல்லை என்று ஆய்வுகூடத் தலைவர் அறிக்கை எழுதினார். சித்தி கையெழுத்திட மறுத்தார். அவருடைய வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டிய நேரம் அது.

"உனக்கென்ன விசரே? அந்தாளோடை கொழுவி வேலையை விடப்போறியோ?" என்று அம்மா ஏசினார்.

"போத்தலுக்கை சேறு எங்கை கிடக்கு, அக்கா? ஏரியிலை நெல்லு சேத்திலையெல்லோ நிக்குது!"

ஓர் அறுவடை வரை பொறுக்கத் தலைவர் சம்மதித்தார். பயிர் வளர்க்க இடம் மட்டும் தரவில்லை. எங்கள் பின்வளவு வாளிகளால் நிறைந்தது. எல்லாவற்றிலும் சேறு. ஒரு வரிசைக்குச் சாதாரண நீர், மற்றதற்குச் சல்பேற்று நீர். கோடை முழுவதும் இரண்டும் ஒரே உயரம், ஒரே பச்சை. சித்தியின் சாப்பாடு குறைந்தது.

"ரெண்டும் ட்வின்ஸ் மாதிரி இருக்கு, சித்தி," என்றேன்.

"பொறு. கதிர் வரட்டும்."

கதிர் முற்றியதும் தலைவரை அழைத்து, அவர் முன்னால் பயிர்களைப் பிடுங்கினார். சல்பேற்று வரிசையின் வேர்கள் கரி பூசியதுபோல் கறுத்து, கூழ்முட்டையாய் நாறின. கதிரில் பெரும்பாலும் பதர். காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் சல்பேற்றைச் சல்பைட்டாக மாற்றுகின்றன. அதுதான் வேரைத் தாக்கி, மணி பிடிக்கும் நேரத்தில் பயிரை ஏமாற்றுகிறது என்று சித்தி விளக்கினார்.

"இன்னொரு பருவம் இதையே காட்டுங்கள். அறிக்கையை மாற்றுகிறேன்," என்றார் தலைவர்.

நல்ல வரிசையின் விதையைச் சித்தி நீர் நிறைந்த போத்தலில் இட்டு பிரிட்ஜில் வைத்தார். காட்டுநெல் காய்ந்தால் செத்துவிடும். குளிரிலும் ஈரத்திலும் கிடந்தால்தான் வசந்தத்தில் முளைக்கும். ஏரியிலிருந்து வேறு விதை வருமுன் பருவம் தவறிவிடும். கிழமைதோறும் தண்ணீர் மாற்றுவார். கறிச் சட்டிக்குப் பக்கத்தில் இந்த நாற்றம் எதற்கு என்று அம்மா முணுமுணுப்பார்.

சித்தியின் தகனம் முடிந்து வந்தபோது, பார்க்கிங் என்ற ஊரிலிருந்து சமையலுக்கு உதவ வந்திருந்த அன்ரி பிரிட்ஜைத் துப்புரவாக்கியிருந்தார். ஹீற்றர் மேல் விரித்த துவாயில் நெல் பரவிக் கிடந்தது.

"ஆர் நெல்லைத் தண்ணிக்குள்ளை போட்டது? பழுதாப் போகமுன்னம் காயட்டும் எண்டு விரிச்சனான்."

"ஐயோ அன்ரி, அது காயக்கூடாது!"

எனக்கு முன்னால் ஓடியவர் அம்மா. துவாயோடு அள்ளிக் குளிர்நீருக்குள் அமிழ்த்தினார். "அவளின்ரை கடைசி வேலையை வறுத்துப்போட்டனே," என்று அன்ரி நிலத்தில் உட்கார்ந்து அழுதார். தலைவர் தொலைபேசியில் கேட்டபோது, விதை இருக்கிறது என்று மட்டும் அம்மா சொன்னார். அதில் உயிர் இருந்ததா என்பது எங்களுக்குத் தெரியாது.

வசந்தம் வந்துவிட்டதால் இப்போது போத்தல் யன்னலோரம் நிற்கிறது. காலைதோறும் அன்ரி தொலைபேசியில், "முளைச்சிட்டுதோ?" என்பார். காலைதோறும் அம்மா, "இன்னுமில்லை," என்பார். நேற்று வரை மணிகள் கறுத்துக் கிடந்தன.

இன்று காலை அன்ரி கேட்டதும் அம்மா போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஓம்," என்றார். சில மணிகளில் மயிரளவு பச்சை.

வாளிகளில் சேறு நிரப்பிவிட்டோம், சித்தி. கதிர் வரும்வரை பொறுப்போம். நீங்கள் போய் வாருங்கள்.