குரைக்காத நாய்

என் கணவருக்குக் காது ஒரே நாளில் போய்விடவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில், இரும்புக் கம்பி உருட்டும் ஒரு ரோலிங் மில்லின் இரைச்சலில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தார். முதலில் டிவி சத்தத்தைக் கூட்டினார். பிறகு நான் சமையலறையிலிருந்து கூப்பிட்டால் வருவதில்லை. கடைசியில் எதிரே நின்று என் வாயைப் பார்த்தால்தான் பேச்சு புரிந்தது. மில்லில் ஆட்களைக் குறைத்தபோது அவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

காது மெஷின் வாங்கினோம். ஒரு வாரம் போட்டுவிட்டுப் பெட்டியில் வைத்துவிட்டார்.

"அத்தப் போட்டா மில்லு முழுக்க மண்டைக்குள்ள ஓடுது. எனக்கு வாணாம்" என்றார்.

எனக்கு வேலை ஒரு மோட்டார் உதிரிபாகக் கம்பெனியில், செக்கிங் பிரிவில். செல்போனை கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், சாப்பாட்டு நேரத்தில்தான் கையில் கிடைக்கும். ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது தெருமுனையிலேயே தீய்ந்த வாடை அடித்தது. எங்கள் அடுப்பில் குக்கர் தண்ணீர் வற்றி, அடி கறுத்து, மூடியின் ரப்பர் வாஷர் உருகிக் கிடந்தது. அவர் பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து வேலையில் என் கை பாகங்களைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும், மனசு அடுப்பிலேயே இருக்கும்.

நாய் வளர்க்கலாம் என்ற யோசனை அப்படி வந்ததுதான். யாராவது வந்தால் குரைக்கும், ஏதாவது ஆனால் அவரைக் கிளப்பும். காவலுக்கும் ஆச்சு, காதுக்கும் ஆச்சு என்று கணக்குப் போட்டேன்.

திருவள்ளூர் பக்கத்தில் கைவிடப்பட்ட நாய்களை வைத்துப் பார்க்கும் ஒரு காப்பகம் இருந்தது. தகர ஷெட்டுக்குள் கால் வைத்ததுமே நாய்கள் எல்லாம் சேர்ந்து கத்தின. நன்றாகக் குரைக்கிற ஒரு கறுப்பு நாயை நான் மனசுக்குள் எடுத்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் அவர் கடைசிக் கூண்டின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே செம்மண் நிறத்தில் ஒரு பெண் நாய், சுவரோடு ஒட்டிப் படுத்திருந்தது. கருத்தடை செய்த அடையாளமாக ஒரு காது நுனியில் சின்ன வெட்டு.

"மூடிக் கெடந்த ஒரு கம்பெனிக்குள்ள மாட்டிக்கினு இருந்துச்சும்மா" என்றார் அங்கே பொறுப்பில் இருந்த அம்மா. "எவ்ளோ நாள் கெடந்துச்சோ, கத்திக் கத்தி ஓஞ்சி போயிருக்கும். இங்க வந்து ஒரு தபா கூட குலைக்கல. நீங்க வேற ஒண்ணு பாருங்களேன்."

நான் என் கணவரின் தோளைத் தட்டித் திருப்பி, வாயைத் தெளிவாக அசைத்துச் சொன்னேன். "இது குலைக்காதாங்க."

"நல்லதுதான். எனக்கு இன்னா, கேக்கவா போவுது?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அவர் எழுந்திருக்கவும் இல்லை. மில்லிலிருந்து வந்த பிறகு ஒன்றின் முன்னால் அவர் இவ்வளவு நேரம் ஆசையாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சரி என்றேன்.

"ஒத்து வரலன்னா ரோட்ல வுட்டுடாதீங்க. இங்கயே கொண்டாந்து வுடுங்க" என்று அந்த அம்மா சொல்லி அனுப்பினார். தெரிந்தவரின் குட்டி யானை மினி லாரியில் பின்னால் என் கணவரும் நாயும், முன்னால் நானும் வந்தோம். வழியெல்லாம், செய்தது தப்போ என்று பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அது கட்டிலுக்கு அடியில் போனதுதான், வெளியே வரவில்லை. தயிர்சாதத்தை வைத்துவிட்டு நாங்கள் அறையை விட்டுப் போனால்தான் தின்றது. தட்டு கீழே விழுந்தால் நடுங்கியது. கம்பெனி சங்கு ஊதினால் படுத்த இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது. கீழ்வீட்டில் இருந்த ஹவுஸ் ஓனர் அக்கா படியேறி வந்து மூக்கைச் சுளித்தார்.

"இன்னாம்மா, நாய் வெச்சிக்கினா திருடன் வரமாட்டான்னு பாத்தா, இது திருடனப் பாத்து ஒளிஞ்சிக்கும் போலக்கீதே!"

என் கணவர் மட்டும் கட்டிலுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டார். 'பாப்பா' என்று கூப்பிடுவார். அவர் குரல் இப்போதெல்லாம் ஏற்ற இறக்கம் இல்லாமல் தட்டையாக வரும். அந்தக் குரலுக்குத்தான் அது முதலில் தலையை நீட்டியது. பிறகு அவர் பின்னாலேயே சுற்ற ஆரம்பித்தது.

எனக்கோ கவலை இரண்டாகிவிட்டது. முன்பு ஒரு ஆளை நினைத்துப் பயந்தேன், இப்போது சத்தமே போடாத ஒரு ஜீவனையும் சேர்த்து. சாப்பாட்டு நேரத்தில் வீடியோ கால் போட்டால் அவர் போனை நாய்ப்பக்கம் திருப்பிக் காட்டுவார். அடுப்பைக் காட்டுங்கள் என்று நான் கை ஜாடை செய்வேன்.

"அடுத்த வாரம் திருப்பி வுட்டுடலாங்க. அதுவும் பாவம், நம்மளும் பாவம்" என்று ஒருநாள் எதிரே உட்கார்ந்து சொன்னேன். அவர் பார்வையை நாய் மேல் வைத்துக்கொண்டார். புரியவில்லையா, புரியாத மாதிரி இருந்தாரா, தெரியவில்லை.

அந்த வாரம் ஆடி ஞாயிறு வந்தது. பெரியபாளையம் அம்மன் கோயிலுக்குப் போகிற வண்டிகள் பம்பை மேளமும் ஸ்பீக்கருமாக எங்கள் தெரு வழியாகவும் போயின. எனக்கு ஓவர்டைம் இருந்தது. சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தால் கேட் திறந்து கிடந்தது. ஹவுஸ் ஓனர் அக்கா வாசலிலேயே நின்றார்.

"வேன்ல வந்தவங்க இங்கயே சரவெடி கொளுத்திட்டாங்கம்மா. உன் நாய் எகிறி ஓடிச்சு. அவரும் பின்னாலயே ஓடுனாரு. செருப்பு கூட போடல. நான் கத்துறேன், கத்துறேன், அவருக்கு எங்க கேக்குது?"

"எந்தப் பக்கம்க்கா?"

"ஸ்டேஷன் பக்கம்தான்."

அவருக்கு போன் செய்தேன். மாடியில் எங்கள் வீட்டுக்குள்ளேயே அடித்தது.

ஸ்டேஷன் பக்கம் என்றால் தண்டவாளம். மெயின் லைன். எக்ஸ்பிரஸ் வண்டிகள் நிற்காமல் போகும் பாதை. நான் எப்படி ஓடினேன் என்று எனக்கே நினைவில்லை. தண்டவாளத்தின் ஓரத்தில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தேன். தூரத்தில் கறுப்பாக ஏதோ தெரிந்ததும் அதை நோக்கி ஓடினேன். யாரோ வீசிய சாக்குமூட்டை. பூ விற்கிறவரிடம் கேட்டேன். "வெறுங்காலோட ஒருத்தர், நாயத் தொரத்திக்கினு... சிப்காட் ரோட்டுப் பக்கம் போனாரும்மா" என்றார்.

அந்த ரோட்டில் கண்டெய்னர் லாரிகள்தான் ஓடும். ஓரமெல்லாம் லாரிகள் வரிசையாக நிற்கும், நடக்கிறவர்கள் ரோட்டில்தான் நடக்க வேண்டும். ஒவ்வொரு லாரிக்கு அடியிலும் குனிந்து பார்த்துக்கொண்டே போனேன். அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன். கத்தி என்ன பிரயோஜனம் என்று தெரிந்தும் கத்தினேன்.

வளைவு தாண்டியதும் பார்த்துவிட்டேன். எதிரே கொஞ்ச தூரத்தில் வந்துகொண்டிருந்தார். தோள் துண்டை நாயின் கழுத்தில் கட்டி மறுமுனையைக் கையில் பிடித்திருந்தார். அவர் பின்னால் ஒரு கண்டெய்னர் லாரி வேகமாக வந்துகொண்டிருந்தது. ஹார்ன் எனக்கே காதைப் பிளந்தது. இரண்டு கையையும் ஆட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து நாயையே பார்த்தபடி நடந்தார்.

நாயின் இரண்டு காதும் சட்டென்று பின்னால் திரும்பின. அவ்வளவுதான், அவர் நாயை இழுத்துக்கொண்டு, ஓரத்தில் நிறுத்தியிருந்த ஒரு லாரிக்கு முன்னால் ஒதுங்கி நின்றார். கண்டெய்னர் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. பிறகு மறுபடி நடந்தார்.

நான் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் வந்தவர் பதறிப்போனார்.

"இன்னாம்மே? எதுக்கு இங்க வந்த? பாப்பா கால்வாப் பைப்புக்குள்ள பூந்துக்கிச்சு. அதுவா வர்ற வரிக்கும் ஒக்காந்துனு இருந்தேன்."

"பின்னாடி லாரி வந்தது எப்படித் தெரியும்?" என் வாய் நடுங்கியதில் அவருக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டேன்.

"இதோட காதத்தான் பாத்துக்கினு வரேன். ஊட்லயும் அப்படித்தான். கேட்டாண்ட யாராச்சும் வந்தா காது அந்தாண்ட திரும்பும். குக்கரு வுசில் வுட்டா இந்தாண்ட. இதுக்குப் பயம் ஜாஸ்தி இல்ல? எல்லாத்துக்கும் திரும்பும்."

"என்கிட்ட சொல்ல வேண்டியதுதான?"

"நீதான் குலைக்கல, குலைக்கலன்னே சொல்லிக்கினு இருந்த."

கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவர் உள்ளங்காலில் கண்ணாடிச் சில் கிழித்து ரத்தம் வந்திருந்தது. என் செருப்பைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். பாதி கால்தான் நுழைந்தது. அப்படியே இழுத்து இழுத்து நடந்தார். வீடு வரைக்கும் நானும் அந்தக் காதுகளையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

திருப்பி விடும் பேச்சை அதற்குப் பிறகு நான் எடுக்கவில்லை. கேட்டுக்கு இரட்டைத் தாழ்ப்பாள் போட்டோம். சங்குச் சத்தத்துக்கு அது இப்போது எழுந்து அவர் காலோடு ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

பயம் விட்டுப் போனது என்று சொல்ல மாட்டேன். போன மழையில் அதன் ஒரு காதில் சீழ் பிடித்துவிட்டது. தலையை உதறிக்கொண்டே இருந்தது. அரசு கால்நடை ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும்போது, இதற்கும் காது போய்விட்டால் என்ன செய்வது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, மழைத்தண்ணீர் போயிருக்கிறது, மருந்து விட்டால் சரியாகும் என்றார். தினமும் காலையில் என் கணவர் அதன் தலையைப் பிடித்துக்கொள்வார், நான் சொட்டு விடுவேன். அது என் முகத்தைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொள்ளும். விட்டு முடித்ததும் பஞ்சால் துடைத்துவிட்டு, பஸ்ஸுக்கு ஓடுவேன்.