மெல்லிய நான்காவது நரம்பு

தட்டம்மை இறங்கிய பிறகு என் மகள் யுகுலேலேயின் சத்தத்துக்குத் திரும்பவில்லை. பத்து மாதக் குழந்தை. அதற்கு முன்பு நரம்புகளை ஒருமுறை வருடினாலே போதும், தலையைத் திருப்பிக் காலை உதைத்துச் சிரிப்பாள்.

அறுபதுகளின் கடைசியில் பாப்பாரப்பட்டியில் குடியிருந்தோம். கிதாரின் குட்டி போலிருக்கும் அந்த நாலு நரம்பு வாத்தியத்தை, நான் படித்த கான்வென்ட்டின் வெளிநாட்டு சிஸ்டர் ஊர் திரும்பும்போது எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஞாயிறு பூசையில் பாடகர் குழுவோடு வாசிப்பேன். ஆர்மோனியத்தோடு சேருவதற்காக நாலு நரம்பையும் ஒரு சுரம் ஏற்றிக்கொள்வேன். விரல்கள் பழைய இடத்திலேயே இருக்கும், பிறக்கிற கார்டு, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு, வேறாகிவிடும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக இறக்கிவிடுவேன். முறுக்கேறிய நரம்பு அறுந்து குழந்தையின் கண்ணில் அடித்துவிட்டால்?

அம்மை வந்த வாரத்தில்தான் நான்காவது நரம்பு அறுந்தது, நல்லவேளையாகக் கோயிலில். எங்கள் பக்கம் அதற்கு நரம்பு எங்கே கிடைக்கும்? ஒகேனக்கல்லில் மீன் பிடிப்பவர்களிடம் நைலான் தூண்டில் நரம்பு வாங்கி வரும்படி கணவரிடம் சொன்னேன். "தடியா பாத்து வாங்கிட்டு வாங்க" என்றும் சொல்லி அனுப்பினேன். நான்காவதுதான் எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது; கிதாரில் மேலே இருக்கும் நரம்பு தடியாகத்தானே இருக்கும்! அறுந்தது மெல்லியதாக இருந்ததைப் பார்த்தேன். சிஸ்டர் கிடைத்ததைக் கட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது நரம்பை மூன்றாவது கட்டத்தில் அழுத்தினால் வரும் சுரம்தான் நான்காவதற்கும். அவர் வாங்கி வந்த தடி நரம்பைக் கட்டிச் சேர்த்துப் பார்த்தேன். அதே சுரம், ஒரு ஸ்தாயி கீழே. கார்டு எதுவும் தப்பவில்லை. ஆனால் முன்பு சலங்கை சிதறுவது போல் இருந்த சத்தம், இப்போது ஒரு பெரிய ஆள் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசுவது போல் இருந்தது.

அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று அதை வாசித்தேன். மகள் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி வாசித்தேன். திரும்பவேயில்லை. அம்மையில் காது போன குழந்தைகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன்.

பின்னால் நின்று தட்டைக் கீழே போட்டேன். திடுக்கிட்டாள். தரை அதிர்ந்தது உடம்பில் பட்டிருக்குமோ? கை தட்டினேன். திரும்பினாள். என் நிழல் விழுந்திருக்குமோ?

"புள்ளைக்கு ஒண்ணும் இல்ல. உனக்குத்தான் பேய் புடிச்சிருக்குது" என்றார் மாமியார். "அந்த டப்பாவ பரண் மேல தூக்கிப் போடு. வூட்ல ஒரு தட்டு நெளியாம இருக்குதா?"

தர்மபுரி டாக்டர், "கவனிச்சுக்கிட்டே இருங்கம்மா" என்றார். கவனிப்பதைத் தவிர நான் வேறென்ன செய்துகொண்டிருந்தேன்? ஒரே வாரத்தில் குழந்தையும் மாறியிருந்தாள், நரம்பும் மாறியிருந்தது. எது காரணம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? பழையபடி ஆக்கக்கூடியது நரம்பு ஒன்றுதான்.

"இன்னொரு தடவ ஒகேனக்கல் போயிட்டு வரீங்களா? இந்தத் தடவ ரொம்ப மெல்லிசா வேணுங்க."

"மீன் புடிக்கறவன்கூட இவ்ளோ யோசிக்க மாட்டான்" என்றார் கணவர். ஆனால் போய் வந்தார்.

மெல்லிய நரம்பைக் கட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு முறுக்கினேன். கட்டை முனகியது. கீழ் ஸ்தாயியைத் தாண்டி, மூன்றாவது நரம்பைத் தாண்டி, மேலே ஏற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு திருகலுக்கும் இயேசுவே என்றேன். கடைசியில் இரண்டாவது நரம்பின் மூன்றாவது கட்டத்துச் சுரத்தோடு ஒட்டி நின்றது.

கணவர் வாசலைப் பார்த்தபடி மகளை மடியில் வைத்துக்கொண்டார். வெயில் எதிர்ப்பக்கம் இருந்ததால் என் நிழல் அவள் மேல் விழ வழியில்லை. நான் அடுப்படியில் நின்றேன். வருட விரலைத் தூக்கியும் வாசிக்க மனம் வரவில்லை. வாசிக்காதவரை அவளுக்குக் காது கேட்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

"என்ன, தட்டு தேடறியா?" என்றார் அவர்.

வருடினேன்.

அவர் தோளுக்கு மேல் அந்தச் சின்ன முகம் எழுந்தது. என்னைத் தேடிக் கண்டுபிடித்து, அவர் வயிற்றில் ஓங்கி உதைத்தாள்.

"அய்யோ, கேக்குது தாயி! எனக்கு நல்லாவே கேக்குது" என்றார் அவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

அந்தத் தடி நரம்பின் குரல் அவளுக்கு யாரோ அந்நியருடையதாக இருந்திருக்க வேண்டும். அப்படித்தான் சமாதானம் செய்துகொண்டேன். அரை மணி நேரம் அது நிலைத்தது. பிறகு, ஒரு காது மட்டும் கேட்டிருந்தால் என்று தோன்றியது. மத்தியானம் அவள் தூங்கியபோது இடது பக்கமாகப் போய் உட்கார்ந்து மெல்ல வருடினேன். எழுந்து வீறிட்டு அழுதாள்.

"தூங்கற புள்ளைய எழுப்பிக் காது கேக்குதான்னு பாக்கறவள இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்று மாமியார் அவளை வாரி எடுத்துக்கொண்டு போனார்.

அழுகை தெரு வரை கேட்டது. வலது பக்கம் இன்னும் பார்க்கவில்லையே என்று நினைத்தபடி, நரம்பு அறுந்து அவள் கண்ணில் அடித்துவிடாமல் இருக்க, நான் நரம்புகளை இறக்கத் தொடங்கினேன்.