நான்காம் எண் கோலும் தேசப்பனும்

தேசப்பன் எங்கள் தொழிற்சாலை கிளப்பில் மார்க்கராகச் சேர்ந்த நாள் 1965 செப்டம்பர் 6, திங்கட்கிழமை. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. பில்லியர்ட்ஸ் மேசையின் பச்சைத் துணியைத் துலக்கி, பந்துகளை வைத்து, ஆடுபவர்கள் எடுக்கும் புள்ளிகளை உரக்கச் சொல்லிப் பலகையில் நகர்த்துகிறவருக்கு மார்க்கர் என்று பெயர். அவர் கும்மிடிப்பூண்டிக்காரர். பெற்றோர் நடவுக்கும் அறுப்புக்கும் போய்க் கூலி வாங்கியவர்கள். அவரும் தொழிற்சாலைக்கு அடித்தளம் போட்டபோது மண் சுமக்க வந்தவர்தான்.

தொழிற்சாலை கும்மிடிப்பூண்டிக்கும் எளாவூருக்கும் நடுவில், கல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. இயந்திரங்களை நிறுவ வந்த வெள்ளைக்கார இன்ஜினியர்கள் நால்வர் பொழுதுபோக்குக்காக அந்த மேசையை வரவழைத்தார்கள். 1968இல் அவர்கள் ஊர் திரும்பினார்கள். மேசையின் அடியில் கனமான கற்பலகைகள் ஐந்து இருந்ததால் அதைத் தூக்கிப்போக யாரும் முன்வரவில்லை. மேசையும் ஆறு கோல்களும் கிளப்புக்கு மிஞ்சின.

நான் டைம் ஆபீசில் குமாஸ்தா. கிளப்பின் ஏட்டை எழுதும் வேலையும் என்னிடம் இருந்தது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தேதி, ஆடிய இருவரின் பெயர், புள்ளிகள், மார்க்கர் பெயர் என்று கட்டங்கள் உண்டு. தேசப்பனின் பெயர் எப்போதும் கடைசிக் கட்டத்தில் இருந்தது. துணை ஆள் இல்லாமல் ஓர் உறுப்பினர் வந்தால் அவருடன் தேசப்பன் ஆடுவார். அந்த ஆட்டங்களை எழுதும்போது அன்று எத்தனை ஆட்டம் ஆடினாலும் எதிராளி பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு 'பயிற்சி' என்று எழுதிப் புள்ளிக் கட்டத்தைக் காலியாக விடுவது வழக்கம். முதலில் அப்படி எழுதச் சொன்னவர் யார் என்று எனக்கு நினைவில்லை. 1971இல் அவர் வேலை நிரந்தரமான பிறகும் அப்படியே எழுதினேன்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. கோல்களில் நல்லதை உறுப்பினர்கள் எடுத்துக்கொள்வார்கள். யாரும் தொடாதது மார்க்கருக்கு. அது நான்காம் எண் கோல். மேசைமேல் வைத்து உருட்டினால் நடுவில் ஒரு தீக்குச்சி நுழையும் அளவுக்கு அது வளைந்திருந்தது. பிடிக்கும்போது எப்போதும் ஒரே பக்கம் மேலே வரவேண்டும் என்பதற்காகத் தேசப்பன் அதன் அடியில் பிளேடால் ஒரு கீறல் போட்டிருந்தார். ஒன்பது ஆண்டுகள் அதை வைத்துக்கொண்டுதான் ஆடினார். பெரும்பாலும் ஜெயித்தார். பெரிய அதிகாரிகளிடம் ஐந்தாறு புள்ளிகளில் தோற்றார்.

1974 அக்டோபர் கடைசியில் திருவள்ளூரிலிருந்த ஒரு கிளப்பிலிருந்து கடிதம் வந்தது. டிசம்பர் 8, ஞாயிறு, போட்டி. ஒரு கிளப்புக்கு இருவர். ஊழியர் யாரும் ஆடலாம், ஆனால் அவரவர் சொந்தக் கோலைக் கொண்டுவர வேண்டும். எங்கள் கிளப் செயலாளர் ஸ்டோர்ஸ் அதிகாரி சுப்பராயன். அவரிடம் சொந்தக் கோல் இருந்தது. வேறு யாரிடமும் இல்லை.

"சார், ரெண்டாவது ஆளு யாருன்னு முடிவாயிடுச்சா?" என்று தேசப்பன் மேசையைத் துடைத்தபடியே கேட்டார்.

"ஏன், நீ வர்றியா? சொந்த ஸ்டிக் வெச்சிருக்கியா?"

"இருந்தா பேரு எழுதிக்கிறீங்களா சார்?"

சுப்பராயன் சிரித்தார். கெட்ட மனிதர் அல்ல. நடக்காத காரியம் என்று நினைத்தார். "நவம்பர் இருபதாம் தேதிக்குள்ள கொண்டா. எழுதிக்கிறேன்."

"மார்க்கர்ன்னு இல்ல சார். ஆடுறவங்க பேரு எழுதுவாங்களே, அந்த எடத்துல."

"அட, அங்கேயே எழுதச் சொல்றேன்ப்பா."

தேசப்பன் கையில் அந்தத் தீபாவளி போனஸில் நூறு ரூபாய் மிஞ்சியது. அது கூரைக்கு ஓலை மாற்ற வைத்திருந்த பணம். மௌண்ட் ரோடு கடையில் புதுக் கோல் முந்நூறுக்கு மேல். வீட்டில் அவர் தயங்கித் தயங்கிச் சொன்னதையும், அவர் மனைவி சம்பூர்ணம் பதில் சொன்னதையும் மறுநாள் என்னிடம் அவரே சொன்னார்.

"மழ நிக்கிறவரிக்கும் குண்டான வெச்சுக்கினு காலத்த ஓட்டிக்கலாம். அந்த ஆபீசரு வாயால சொன்னத நீ எப்ப வாங்கப் போற? போய் வாங்கிக்கினு வா" என்றாராம் அந்த அம்மா.

நவம்பர் 17, ஞாயிறு காலை ரயிலில் மூவர் சென்னைக்குப் போனோம். மூன்றாமவர் கடைசல் பட்டறை டர்னர் ராஜமாணிக்கம், தேசப்பனின் கூட்டாளி. சட்டைப்பையில் திருகு மரை அளக்கும் கேஜைப் போட்டுக்கொண்டு வந்தார். சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட்டில் பழைய விளையாட்டுச் சாமான் விற்கும் பாய் ஒருவர் இருந்தார். அவரிடம் கருங்காலிப் பிடி போட்ட, நடுவில் கழற்றி மாட்டுகிற கோல் ஒன்று கிடந்தது. பிடிப்பக்கம் ஒரு தண்டு, அடிக்கும் பக்கம் ஒரு முன்தண்டு. இரண்டையும் பித்தளை மரை இணைத்தது.

தேசப்பன் அதை உடனே வாங்கிவிடவில்லை. துப்பாக்கி பிடிப்பதுபோல ஒற்றைக் கண்ணால் நீளத்தைப் பார்த்தார். பக்கத்துக் கடிகாரக் கடையின் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்து உருட்டினார். காதருகே வைத்து, இணைப்பில் சத்தம் வருகிறதா என்று தட்டிப் பார்த்தார். பழக்கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தோம்; நானூற்று எழுபத்தைந்து கிராம்.

"பாய், இன்னா நேரா இருக்குது" என்றார் தேசப்பன், நம்பாதவர்போல.

"சாமான் அப்படி. கோணலா வோணும்னா அதுக்குத் தனிக் கடை" என்றார் பாய்.

விலையில் எண்பது ரூபாயிலிருந்து எழுபத்தெட்டுக்கு இறங்கினார். தேசப்பன் மடியைத் தடவும்போது ராஜமாணிக்கம் கையைப் பிடித்தார்.

"இர்ரா தேசா. அடிக்கிற முனைல ஒட்டிக்கினு இருக்குது பாரு தோலு, அது ஆட்டத்துக்கு நடுவுல பிச்சுக்கினு போனா இன்னா பண்ணுவ? பசை போட்டா ஒரு ராத்திரி காயணும். ஸ்டெப்னி இல்லாம எளாவூரு செக்போஸ்ட்ட எந்த லாரிக்காரனாவது தாண்டுவானா?"

பாய் ஒரு கோணிப்பையைக் கவிழ்த்தார். ஜோடி பிரிந்த முன்தண்டுகள் பதினொன்று விழுந்தன. ராஜமாணிக்கம் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் கேஜை வைத்தார். பார்வைக்கு எல்லா மரையும் ஒன்றுபோல இருந்தாலும் எட்டு தேறவில்லை. பொருந்திய மூன்றில் ஒன்றின் முனை வெடித்திருந்தது. ஒன்றை மாட்டியபோது இணைப்பு நகத்தில் தட்டியது. மூன்றாவதை மாட்டினால் தடவினாலும் இணைப்பு தெரியவில்லை. ஆனால் கண்ணாடிமேல் உருட்டியபோது அது நடுவில் லேசாக எழும்பியது.

"வளைஞ்சிருக்குது" என்றார் தேசப்பன்.

"ஸ்டெப்னி எப்பவும் மொட்டையாத்தான் இருக்கும். எடு" என்றார் ராஜமாணிக்கம். அதற்கு ஏழு ரூபாய்.

பதினெட்டாம் தேதியே சுப்பராயன் கோலை வாங்கி உருட்டிப் பார்த்தார். "பரவாயில்லையே" என்று சொல்லிவிட்டுப் போட்டிக்கு அனுப்பும் கடிதத்தில் தேசப்பன் பெயரை எழுதினார். "கிளப் ஏட்டுல போட்டி முடிஞ்சதும் எழுதிக்கலாம்" என்றார்.

மறுநாள் முதல் சாப்பாட்டு வேளையில் தேசப்பன் பழகினார். ஒரே அடி, நாற்பது முறை: சிவப்புப் பந்தை மேசையில் அதற்குக் குறித்த இடத்தில் வைத்து வலது மூலைப் பையில் போடுவது. நான் சோற்று டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விழுந்தது, இடப்பக்கம் தவறியது, வலப்பக்கம் தவறியது என்று மூன்றாகக் குறித்தேன். நான்காம் எண் கோலில் நாற்பதுக்கு முப்பத்து மூன்று விழுந்தது. புதுக் கோலில் பதினான்கு.

நான்கு நாள் கழித்தும் பதினாறுக்கு மேல் போகவில்லை. தேசப்பன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். இணைப்பில் கோளாறு என்று ராஜமாணிக்கத்திடம் சொன்னார்.

"என் கேஜு பொய் சொல்லாதுபா. உன் கண்ணுதான் பொட்ட" என்று அவர் கோபித்துக்கொண்டார்.

அன்று நான் தாளில் நான்கு நாள் கணக்கையும் கூட்டினேன். புதுக் கோலில் தவறியவை தொண்ணூற்றொன்பது. அவற்றில் எண்பத்தெட்டு இடப்பக்கம். தாளைத் தேசப்பனிடம் நீட்டினேன். அவர் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு பையிலிருந்து வளைந்த முன்தண்டை எடுத்து மாட்டினார். உருட்டி உருட்டி, மேடு எந்தப் பக்கம் வரவேண்டுமோ அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு குனிந்தார். நாற்பதுக்கு முப்பத்தொன்று விழுந்தது.

"ஸ்டிக்கு நேராத்தான் சார் இருக்குது" என்றார். "நான்தான் ஒம்போது வருஷமா கோணலாப் பாத்துக்கினு இருக்கேன்."

"அப்ப பேஜாரு வுட்டுது. வளைஞ்சத எடுத்துக்கினு போ, செயிச்சுக்கினு வா" என்றார் ராஜமாணிக்கம்.

தேசப்பன் முன்தண்டைக் கழற்றித் துணியில் சுற்றினார். "இத வெச்சு செயிச்சாலும் திரும்பி வந்து நாலாம் நம்பரத்தானே புடிக்கணும்? நேரானத வெச்சு ஆடத் தெரியணும்பா. அதுக்குத்தான் கூர ஒழுவுது."

அன்றிலிருந்து நான்காம் எண் கோலை அவர் தொடவில்லை. டிசம்பர் 7 சனிக்கிழமைக் கணக்கு: விழுந்தது இருபத்தேழு, இடம் எட்டு, வலம் ஐந்து.

மறுநாள் ஊத்துக்கோட்டை வழியாகப் பஸ்ஸில் திருவள்ளூர் போனோம். சுப்பராயன் முதலில் ஆடித் தோற்றார்; வித்தியாசம் ஐம்பத்து நான்கு. தேசப்பனுக்கு எதிரில் ஆடியவர் அந்த ஊர் வக்கீல் ஒருவர். இருநூறு புள்ளி ஆட்டம். நூற்றுப் பதினொன்றுக்கு நூற்று நாற்பது என்று தேசப்பன் முன்னால் இருந்தபோது, ராஜமாணிக்கம் பயந்தபடியே, கோலின் முனைத்தோல் பிய்ந்து மேசையில் விழுந்தது. வளைந்த முன்தண்டை மாட்டினார். அடித்த பந்து வலப்பக்கம் தவறியது. அடுத்ததும் வலப்பக்கம். மூன்று வாரத்தில் பழைய பார்வை போய்விட்டது; புதியது முழுசாக வந்துசேரவில்லை. அவர் நின்று, கோலைக் கையில் சுழற்றி, மேடு இருந்த பக்கத்தை விரலால் தேடினார். அதற்குப் பிறகு நாற்பத்தெட்டு எடுத்தார். வக்கீல் இருநூறைத் தொட்டபோது தேசப்பன் நூற்றெண்பத்தெட்டில் இருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் அவர் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "தோத்தா எழுதுவீங்களா சார்?"

"தோற்றதையும் எழுதத்தான் ஏடு" என்றேன்.

திங்கட்கிழமை எழுதினேன். ஆடியவர் கட்டத்தில் முதன்முறையாக 'தேசப்பன், 188'. அவர் வந்து பார்த்துவிட்டுத் துணியைத் துலக்கப் போனார்.

அன்று மாலை சுப்பராயன் துணை ஆள் இல்லாமல் வந்தார். வழக்கம்போலத் தேசப்பனைக் கூப்பிட்டார். தேசப்பன் கிளப் கோல்கள் நிற்கும் ஸ்டாண்டைத் தாண்டிப்போய்த் தன் கோலை எடுத்து மாட்டினார். முனைக்குப் புதுத்தோல் ஒட்டியிருந்தார். நான் சுப்பராயன் பெயரை எழுதிவிட்டு அடுத்த கட்டத்தில் பேனாவை நிறுத்தினேன். போட்டிக்கு மட்டும் கொடுத்த வாக்கா, இனிமேலைக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. தேசப்பனும் கோல்முனையில் சாக்பீஸ் தேய்ப்பதை நிறுத்தியிருந்தார்.

"என்ன பார்த்துட்டு இருக்கீங்க? எழுதுங்க" என்றார் சுப்பராயன், குனிந்தபடியே. "என்னைவிட நாப்பத்திரண்டு புள்ளி நல்லா ஆடினவர்."

எழுதினேன். அன்று தேசப்பன் முப்பத்தாறு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். அதிகாரி என்று பார்த்து விட்டுக்கொடுக்கவில்லை.

விளக்கணைக்கும்போது, பழைய 'பயிற்சி'களையும் திருத்திவிடலாம் என்று எண்ணி, இந்த ஒன்பது ஆண்டில் மொத்தம் எத்தனை ஆட்டம் ஆடியிருப்பீர்கள், எத்தனை ஜெயித்தீர்கள் என்று கேட்டேன்.

"நான் எங்க சார் எண்ணினேன்?" என்றார் தேசப்பன். "எழுதுறவரு நீங்கதானே."

அதன்பின், நான் ஏடு எழுதிய 1979 மார்ச் வரை, அவர் பெயரில் 412 ஆட்டங்கள் ஏட்டில் உள்ளன, ஜெயித்தவை 297. அதற்கு முந்தைய ஒன்பது ஆண்டுக்கு என்னிடம் கணக்கு இல்லை.