கடுகு செத்த அன்று கடலுக்குப் போகாதவர்கள்

எழுபத்தைந்து வாக்கில் நடந்தது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் நான் டீக்கடை வைத்திருந்தேன். கடலுக்குப் போகிறவர்கள் விடியற்காலையில் என் கடையில் ஒரு டீயைக் குடித்துவிட்டு, என் வாயிலிருந்து ஒரு கிண்டலையும் வாங்கிக்கொண்டுதான் கட்டுமரத்தைத் தள்ளுவார்கள். குப்பத்தில் என் வாய்க்குத் தப்பிய ஆள் கிடையாது. நான் அழுது பார்த்த ஆளும் கிடையாது.

கடை பெஞ்சுக்கு அடியில் கடுகு என்று ஒரு நாய் குடியிருந்தது. பூனையைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். மழைக்கு ஒதுங்க வந்தது, வருஷக்கணக்கில் தங்கிவிட்டது. மீனவர் குப்பத்தில் இருந்துகொண்டு மீனைத் தொடாத நாய். பொறை ரொட்டியை டீயில் நனைத்துப் போட்டால்தான் தின்னும்.

ஒரு நாள் பாய்லரைப் பற்றவைத்துவிட்டு வழக்கம்போலப் பொறையை நீட்டினேன். எழுந்திருக்கவில்லை. தொட்டுப் பார்த்தால் உடம்பு விறைத்திருந்தது. வயதான நாய், தூக்கத்திலேயே போயிருக்கிறது.

நாற்பது தாண்டிய ஆம்பளை இதற்கு என்ன செய்ய வேண்டும்? ஒரு துணியைப் போர்த்திவிட்டுப் பெண்டாட்டியைக் கூப்பிட வேண்டும். நான் அதன் வாயில் சூடான பாலை ஊற்றினேன். காலைத் தேய்த்தேன். காதில் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். அப்புறம் யாரிடம் போவது என்றே தெரியாமல் பால் சொம்போடு கடற்கரையைப் பார்த்து ஓடினேன். வேட்டி காலில் சிக்கி விழுந்தேன், எழுந்து மறுபடியும் ஓடினேன். பாலெல்லாம் மணலில். சொம்பை மட்டும் ஏனோ விடவில்லை.

கரையில் கட்டுமரங்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நெத்திலி அள்ளி அள்ளிப் பட்டுக்கொண்டிருந்த சமயம். நான் அவர்கள் நடுவில் போய் மணலில் உட்கார்ந்து வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை, அழுகைதான் வந்தது.

எங்கள் குப்பத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஊரில் சாவு விழுந்தால் அடக்கம் முடிகிற வரைக்கும் எந்த மரமும் கடலுக்குள் போகாது. என் கோலத்தைப் பார்த்தவர்கள் ஒரு கேள்வி கேட்கவில்லை. மார்பளவு தண்ணீருக்குப் போய்விட்ட மரத்தைக்கூடத் திருப்பி மேட்டில் இழுத்துப் போட்டார்கள். என் மனைவி சில நாளாகக் காய்ச்சலில் படுத்திருந்தாள். அதனால் அவள்தான் போய்விட்டாள் என்று அவர்களாகவே முடிவுகட்டிவிட்டார்கள். தினமும் செங்கல்பட்டு மார்க்கெட்டுக்குப் பஸ்ஸில் மீன் கொண்டுபோகிற அம்மா ஒருத்தி, கூடையைக் கவிழ்த்துப் போட்டு மாரடித்து ஒப்பாரியே ஆரம்பித்துவிட்டாள். என் மனைவியின் குணம் தங்கமாம். அவள் வைத்த குழம்பு ஊரெல்லாம் மணக்குமாம்.

அந்த நேரம் பார்த்து, கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேனே என்று என் மனைவி போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தாள். ஒப்பாரி பாதியில் நின்றது.

"எனக்கா பாடிக்கினு கீற? நல்லாத்தான் கீது. மிச்சத்தையும் பாடு, கேட்டுட்டே போறேன்" என்றாள் என் மனைவி. பிறகு எல்லோரையும் பார்த்து, "கடுகு செத்துப்பூட்ச்சி. அதுக்குத்தான் இந்த ஆளு இப்டி ஓடியாந்தாரு" என்றாள்.

எனக்கு அழுகை நின்று பயம் பிடித்துக்கொண்டது. அத்தனை பேருடைய அன்றைய பிழைப்பு. கிழக்கே நன்றாக வெளுத்துவிட்டது, நெத்திலிக்கு வலை போடுகிற நேரம் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. நிச்சயம் அடி விழும், எந்தப் பக்கம் ஓடலாம் என்று பார்த்தேன். ஓடலாம்தான். ஆனால் வேட்டி இடுப்பில் இல்லை, கையில் இருந்தது.

முதலில் தண்ணீருக்குப் போன மரத்துக்குச் சொந்தக்காரர், என்னோடு மச்சான் முறை கொண்டாடுகிறவர், பக்கத்தில் வந்தார்.

"இன்னா மச்சான், நாய்க்கா மரத்த மேல இழுக்க வுட்ட?"

அவர் என் கையிலிருந்த காலிச் சொம்பை வாங்கிப் பார்த்தார்.

"எங்க கீது?" என்றார்.

கடைக்கு வந்து பெஞ்சு முன்னால் குந்தினார். தலைத்துண்டை அவிழ்த்துக் கடுகின்மேல் போர்த்தினார். "பொதச்சிட்டு அப்பால பாக்கலாம்" என்றார்.

"நாயிக்கெல்லாம் கூடவா கட்டுப்பாடு?" என்று பின்னாலிருந்து ஒருவன் முனகினான்.

"நீ கடலுக்குப் போன நாள வுட அது கரைக்கு வந்த நாளு ஜாஸ்தி. மூடிக்கினு மம்முட்டி எட்தா" என்றார் மச்சான்.

சவுக்குத் தோப்பு ஓரமாகப் புதைத்தோம். திரும்பி வந்து எல்லோரும் கடையில் உட்கார்ந்தார்கள். நான் டீ போட்டேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் கூடைக்காரம்மா ஆரம்பித்துவிட்டாள். ஒரு நாள் கடுகு அவள் கூடையில் துணிக்கடியில் தூங்கிப்போக, அவள் கவனிக்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாளாம்.

"திருக்கழுக்குன்றம் தாண்டசொல்லோ கூடயே கொலைக்குது. கண்டக்டரு பயந்துகினு விசிலு ஊதி பஸ்ஸையே நிறுத்திட்டாரு."

"அன்னிக்கி இவரு இன்னா பண்ணாரு தெரியுமா?" என்றாள் என் மனைவி. "கடுக அலை இழுத்துக்கினு போச்சினு, வலை போடச் சொல்லி ஒவ்வொருத்தர் காலா வுழுந்தாரு."

"போட்டமே" என்றார் மச்சான். "நண்டு மாட்டிச்சி."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவரே எழுந்து, கடுகு அலையை விரட்டுகிற மாதிரி நடித்துக் காட்டினார். ஒவ்வொரு அலையும் பின்வாங்கும்போது, தான்தான் துரத்தியதாக மார்பை நிமிர்த்திக்கொண்டு பெஞ்சுக்கடியில் வந்து படுக்குமே, அந்த நடை அப்படியே வந்தது. சிரிப்பில் எனக்குப் புரையேறிவிட்டது. அந்தக் கடையில் அதுவரைக்கும் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தவன் நான். என்னைச் சிரிக்கவைக்க இத்தனை பேர் உட்கார்ந்தது அன்றுதான்.

அன்றைக்கு ஒரு மரமும் கடலுக்குப் போகவில்லை. கூடைக்காரம்மா வெறுங்கூடையோடு வீட்டுக்குப் போனாள். யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. கிண்டல் மட்டும் ரொம்ப நாள் ஓயவில்லை. "உன் வூட்டுக் கோழியெல்லாம் சவுக்கியமா கீதா? கேட்டுக்கினு மரத்த எறக்கலாம்னு வந்தேன்" என்று காலையில் எவனாவது வந்து நிற்பான். நான் டீயை ஆற்றி நீட்டுவேன்.

யார் செத்தது என்று தெரிவதற்கு முன்னாலேயே அவர்கள் மரங்களை மேட்டில் இழுத்துப் போட்டதை நினைத்துக்கொள்வதால்தான், இன்றைக்கும் யாராவது கண் கலங்கிக் கடைக்கு வந்தால் நான் காரணம் கேட்பதில்லை, பெஞ்சில் நகர்ந்து இடம் விடுகிறேன்.